‘தனியாக’ என்றால் ‘ஒருவராக’ என்று பொருளா?

ஒரு விண்ணப்பப் படிவத்தின் அடியில் ‘கணவனும் மனைவியும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்’ என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் படித்த ஒருவர் தமக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே படிவத்தை நிரப்பி, பெற்றோரின் விண்ணப்பத்தோடு சேர்க்காமல் வேறாகக் கொடுக்கிறார். இன்னொருவர் தமக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இரண்டு படிவங்களை நிரப்புகிறார். மூன்றாமவரோ, எழுத்தரின் துணையை நாடாமல் இருவரும் தாங்களே நிரப்ப வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறார். மூவருமே தமிழ் நன்றாக அறிந்தவர்கள். மூவரும் அந்த வாக்கியத்தைப் பிழையாகப் படிக்கவில்லை. வாக்கியமே மூன்று பொருளுக்கும் இடம் தருகிறது.

பிறர் எழுதியவற்றை மெய்ப்புப் பார்க்கும்போது நான் அடிக்கடி நிறுத்தி யோசிக்கும் சொல் இந்தத் ‘தனியாக’. எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே இதன் பொருளை யாரும் நின்று பார்ப்பதில்லை. ‘தனி என்றால் ஒன்று, தனியாக என்றால் ஒருவராக’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். ‘தானாக’, ‘தானே’, ‘மட்டும்’ ஆகியவற்றையும் இதனுடன் கலந்துவிடுகிறோம். இந்தச் சொல் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை, இலக்கணப் பயிற்சி இல்லாதவர்களும் பின்தொடரும்படி, அன்றாட வாக்கியங்களிலிருந்தே பார்ப்போம்.

வேலியும் எண்ணிக்கையும்

ஒரு தோட்டத்தில் வேலி போடுகிறோம். ஒரே ஒரு மரத்தைச் சுற்றியும் போடலாம். பத்து மரங்களைச் சேர்த்து வளைத்தும் போடலாம். ஆகவே ‘வேலி போட்டிருக்கிறது’ என்று கேட்டவுடன் உள்ளே எத்தனை மரங்கள் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே சில இருக்கின்றன, வெளியே சில நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பது மட்டுமே உறுதி. ‘தனி’ என்ற சொல் செய்வது இந்த வேலியின் வேலை. எண்ணிக்கையைச் சொல்வதற்கு ‘ஒன்று’, ‘ஒருவர்’, ‘ஒற்றை’ ஆகிய சொற்கள் தமிழில் முன்பே இருக்கின்றன.

தனிக்குடித்தனத்தை எடுத்துக்கொள்வோம். தனிக்குடித்தனம் போனவர்கள் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று நால்வராகவே இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தைத் ‘தனியார் நிறுவனம்’ என்கிறோம். முதலாவதில் வேலிக்கு வெளியே நிற்பது பெற்றோரின் வீடு. இரண்டாவதில் வெளியே நிற்பது அரசு. உள்ளே எத்தனை பேர் என்ற கேள்வியே எழுவதில்லை.

இதை இன்னும் தெளிவாகக் கண்முன் காட்டுவது கர்நாடக இசைக் கச்சேரியின் தனி ஆவர்த்தனம். முதன்மையான உருப்படியைப் பாடி முடிக்கும் கட்டத்தில் பாடகர் நிறுத்திக்கொள்கிறார், வயலினும் ஓய்கிறது, மிருதங்கம் தொடங்குகிறது. மேடையில் கடமோ கஞ்சிராவோ இருந்தால், மிருதங்கக் கலைஞர் ஒரு சுற்று வாசித்துவிட்டு அதை வாசிப்பவருக்கு இடம் விடுகிறார். இருவரும் மாறி மாறி வாசித்து, சுற்றுகளின் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வாசித்து, பாடகர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி முடிக்கிறார்கள். இவ்வளவு நேரமும் பாடகர் கையால் தாளம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வாசிப்பவர்கள் இருவராகவோ மூவராகவோ இருந்தாலும் அதன் பெயர் ‘தனி’தான்; ஏனென்றால் அங்கே வேலிக்கு வெளியே நிற்பவை பாட்டும் வயலினும்.

வேலிக்கு வெளியே நிறுத்தப்படுவதை இந்தக் கட்டுரையில் ‘விலக்கு’ என்று அழைப்போம். ‘தனி’ வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விலக்கு உண்டு. பெரும்பாலும் அது வாக்கியத்தில் சொல்லப்படுவதில்லை. கேட்பவர் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். படிவத்தைப் படித்த மூவரும் மூன்று வெவ்வேறு விலக்குகளை நிரப்பிக்கொண்டார்கள். குழப்பம் அங்கேதான் பிறந்தது.

இதுவரை பார்த்தது: ‘தனி’ எண்ணிக்கையைக் குறிப்பதில்லை, எல்லையைக் குறிக்கிறது. அதன் பொருளை அறிய ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதைவிட ‘யாரை விலக்கி, எதை விலக்கி?’ என்று கேட்பதே வழி.

எதை விலக்குகிறோம்?

‘தனியாக’ என்பது வினையடை. ஒரு செயல் எப்படி நடந்தது என்று வினைச்சொல்லுக்கு விளக்கம் தரும் சொல்லை வினையடை என்பர். எந்த வினையோடு சேர்கிறதோ அந்த வினையே விலக்கை ஊகிக்கக் கைகொடுக்கிறது.

‘அவள் தனியாகப் பயணம் செய்தாள்’ என்றால் விலக்கப்படுவது துணை. தொடர்வண்டியில் அவளைச் சுற்றி எழுபது பேர் உட்கார்ந்திருக்கலாம். அவளுடன் வந்தவர் எவரும் இல்லை என்பதே செய்தி. கூட்டத்துக்கு நடுவிலும் ஒருவர் தனியாக இருக்க முடிவது இதனால்தான். ‘குழந்தை தனியாக நடக்கிறது’ என்றால் விலக்கப்படுவது உதவி. தாய் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தொலைவில், கவலையோடு நின்றுகொண்டிருக்கலாம். விரலைப் பிடித்துக்கொள்ளாமல் நடக்கிறது என்பதுதான் மகிழ்ச்சி. முதல் வாக்கியத்தில் ஆள் உடன் இல்லை. இரண்டாவதில் ஆள் இருக்கிறார், அவருடைய கை மட்டும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல், ‘நான் தனியாகச் செய்தேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் யாரும் இல்லாத அறையில் வேலை செய்தாரா, பலர் பார்த்திருக்க எவர் உதவியும் இன்றிச் செய்தாரா என்று தெரியாமல் நாம் தலையாட்டிவிடுகிறோம்.

‘உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்’ என்ற வாக்கியம், ‘தனி’ என்றால் ‘ஒருவர்’ என்று நம்புவோரை உடனே திகைக்க வைக்க வேண்டியது. பேச்சுக்கு இருவராவது வேண்டும். இங்கே விலக்கப்படுவது பிறருடைய காது. பேசுபவரும் கேட்பவரும் ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள். ‘அவர்கள் இருவரும் தனியாக இருந்தார்கள்’ என்பதும் இவ்வாறே.

மக்களை விட்டுப் பொருள்களுக்கு வந்தால் விலக்கு இன்னும் எளிதாகத் தெரியும். ‘வெள்ளைத் துணிகளைத் தனியாகத் துவைக்கவும்’ என்றால் கலப்பை விலக்குகிறோம். ‘அஞ்சல் செலவு தனி’ என்றால், சொன்ன தொகைக்குள் அது அடங்காது என்று கணக்கை விலக்குகிறோம். ‘அந்தக் குரலுக்கு ஒரு தனி அழகு உண்டு’ என்று சொல்லும்போதோ, அதே வரிசையில் வைக்கக்கூடிய மற்ற எல்லாவற்றையும் விலக்கி, ஒப்புமைக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறோம். வள்ளலார் இறைவனைத் ‘தனிப்பெருங்கருணை’ என்று அழைத்தது இந்தக் கடைசிப் பொருளில்தான். அந்தத் தொடருக்குத் ‘தனியாக இருக்கும் கருணை’ என்று உரை சொல்வாரும் உண்டு. அப்படிச் சொன்னால் அந்தப் பெயரின் உயரமே குறைந்துபோகும்.

‘மட்டும்’ வேறு, ‘தனியாக’ வேறு

பேச்சு வழக்கில் இந்த இரண்டையும் ஒன்றாகவே பயன்படுத்துவோர் பலர். ஒரு சிறு கணக்கைக் கொண்டு இவற்றைப் பிரித்துவிடலாம்.

ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பேரை அழைத்தோம். பத்துப் பேரும் வந்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வரவில்லை. அவரவர் வழியில், அவரவர் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் கண்ணனும் ஒருவன். இப்போது ‘கண்ணன் தனியாக வந்தான்’ என்பது உண்மை. ‘கண்ணன் மட்டும் வந்தான்’ என்பது பொய். மற்ற ஒன்பது பேரும் வந்திருக்கிறார்களே. இன்னொரு நாள் கண்ணன் தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தான், அழைப்புப் பெற்ற மற்ற ஒன்பது பேரும் வரவில்லை. அன்று அழைக்கப்பட்டவர்களில் ‘கண்ணன் மட்டும் வந்தான்’ என்பது உண்மை, ‘கண்ணன் தனியாக வந்தான்’ என்பது பொய்.

ஆக, ‘மட்டும்’ பிறரை அந்தச் செயலிலிருந்தே விலக்குகிறது: வந்தவர் பட்டியலில் வேறு பெயர் இல்லை. ‘தனியாக’ பிறரை அந்தச் செயலில் உடன் சேர்வதிலிருந்து விலக்குகிறது: வேறு பலர் வந்திருக்கலாம், ஆனால் இவருடன் வரவில்லை.

எதிர்மறை வாக்கியத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘அவர் தனியாக வரவில்லை’ என்று கேட்டவுடன், அவர் வந்தார், யாரையோ அழைத்துக்கொண்டு வந்தார் என்று புரிந்துகொள்கிறோம். ‘இல்லை’ என்ற மறுப்பு ‘வருதல்’ என்ற வினையைத் தொடாமல், ‘தனியாக’ என்ற வினையடையை மட்டும் மறுத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஒரு மறுப்போ அளவுச்சொல்லோ வாக்கியத்தில் எதுவரை சென்று தாக்குகிறது என்பதற்கு ‘வீச்சு’ என்று பெயர். வாக்குமூலம், சாட்சியம், மறுப்பறிக்கை போன்றவற்றை எழுதுவோர் இந்த வீச்சை மறந்துவிடக் கூடாது. ‘நான் அவரைத் தனியாகச் சந்திக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், சந்தித்ததையே அவர் மறுக்கிறாரா, சந்தித்தபோது பிறரும் இருந்தார்கள் என்கிறாரா என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. சந்தித்ததையே மறுப்பவர் ‘அவரைச் சந்திக்கவே இல்லை’ என்று சொல்லியிருப்பார்.

‘தானாக’வும் ‘தானே’யும்

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. பின்வரும் நான்கு வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கண்ணன் தனியாக வந்தான்.
கண்ணன் தானாக வந்தான்.
கண்ணன் தானே வந்தான்.
கண்ணன்தானே வந்தான்?

முதலாவதில் துணை இல்லை. இரண்டாவதில் அழைப்போ வற்புறுத்தலோ இல்லை; யாரும் சொல்லாமல், தன் விருப்பத்தால் வந்தான், நான்கு நண்பர்களோடு வந்திருந்தாலும் இந்த வாக்கியம் செல்லும். மூன்றாவதில் பதிலாள் இல்லை. வேறொருவரை அனுப்பாமல் நேரில் வந்தான். நான்காவதில் ‘தானே’ பெயரோடு ஒட்டிக்கொண்டு, ‘வந்தவன் கண்ணன் என்பது சரிதானே?’ என்று உறுதி கேட்கிறது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஓர் இடைவெளியும் ஒரு கேள்விக்குறியும்தான். அந்த இடைவெளியை விடுவதா சேர்ப்பதா என்று கவலைப்படாமல் எழுதுகிற பழக்கம் பரவியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஓர் இடைவெளி இங்கே ஒரு வாக்கியத்தின் பொருளையே சுமக்கிறது.

‘தனியாக’, ‘தானாக’ என்ற இரண்டும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதை உயிரில்லாத பொருளை வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். ‘கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது’ என்றால் காற்றடித்திருக்கும், அல்லது கதவில் விசைவில் இருக்கும். ‘கதவு தனியாக வந்துவிட்டது’ என்றால் கீல் கழன்று, கதவு நிலையை விட்டுப் பிரிந்து கைக்கு வந்துவிட்டது. முன்னதற்கு வியப்பதோடு சரி. பின்னதற்குத் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

இலக்கண நடத்தையிலும் இவை வேறுபடுகின்றன. ‘தான்’ என்பது தற்சுட்டுப் பெயர், அதாவது அதே வாக்கியத்தில் முன்பு வந்த படர்க்கைப் பெயரையே திரும்பச் சுட்டும் சொல். ஆகையால் அது சுட்டும் ஆளுக்கு ஏற்ப மாறியாக வேண்டும். அவன் தானாக வந்தான், அவர் தாமாக வந்தார், அவர்கள் தாங்களாக வந்தார்கள். தன்மையிலும் முன்னிலையிலும் ‘தான்’ நிற்க முடியாது என்பதால், நான் நானாக வந்தேன், நீ நீயாகச் சொன்னாய் என்று அந்தந்த இடப்பெயரே வருகிறது. ‘நான் தானாக வந்தேன்’ என்று எழுதுவது பிழை. ‘தனியாக’வோ யாருக்காகவும் மாறுவதில்லை. நான், நீ, அவன், அவர்கள், அது என்று எழுவாய் எதுவாக இருந்தாலும் ‘தனியாக’ என்றே நிற்கும்.

எனவே ஐயம் வரும்போது எழுவாயை ‘நான்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘நானாக’ என்று மாற்றத் தோன்றினால் உங்களுக்கு வேண்டியது ‘தானாக’. மாற்றாமலே வாக்கியம் இசைந்தால் வேண்டியது ‘தனியாக’.

சுருங்கச் சொன்னால், ‘தனியாக’ உடனிருப்பதை விலக்கும். ‘தானாக’ வெளித் தூண்டுதலை விலக்கும். ‘தானே’ பதிலாளை விலக்கும். ‘மட்டும்’ அந்தச் செயலில் பிறருடைய பங்கையே விலக்கும்.

ஒரு முறை சொல்வதும் இரு முறை சொல்வதும்

‘தனித்தனியாக’ என்பதை ‘தனியாக’ என்பதன் அழுத்தமான வடிவம் என்று எண்ணுவோர் உண்டு. அழுத்தத்துக்குத் தமிழில் இருப்பது ‘தன்னந்தனியாக’. அது துணையின்மையை மிகுத்துச் சொல்லும், இரக்கத்தையோ வியப்பையோ உடன் கொண்டுவரும். ‘தனித்தனியாக’ செய்வது வேறு வேலை. ஒரு குழுவைப் பிரித்து, உறுப்பினர் ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு வேலி போடுகிறது. இப்படி ஒரு செயலை ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் பொருளைப் பங்கீட்டுப் பொருள் எனலாம். வீடுவீடாக, ஒவ்வொன்றாக, அவரவர் ஆகிய சொற்களிலும் இதே அமைப்பு இருப்பதைக் காணலாம்: தமிழில் சொல்லை இரட்டித்தால் பல இடங்களில் பங்கீடு பிறக்கிறது.

‘மூன்று மாணவர்களும் இந்த விடையைத் தனியாக எழுதினார்கள்’ என்றால், ஆசிரியர் உதவாமல் மூவரும் கூடி எழுதினார்கள் என்றும் கொள்ளலாம். ‘தனித்தனியாக எழுதினார்கள்’ என்றால் மூன்று தாள்கள், மூன்று விடைகள், ஐயத்துக்கு இடமில்லை. முதலில் பார்த்த படிவத்தை வகுத்தவர் இரண்டு விண்ணப்பங்களைத்தான் எதிர்பார்த்தார் என்றால், ‘கணவனும் மனைவியும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்’ என்று மூன்று எழுத்துகளைக் கூட்டியிருந்தாலே போதும்.

பெயருக்கு முன்னால் நிற்கும் ‘தனி’

இதுவரை பார்த்தது வினையோடு சேரும் ‘தனியாக’. ‘தனி’ பெயருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயருக்கு அடைமொழியாகவும் வரும். அப்போது அது பெயரடை. பெயரடையாக வந்தாலும் விலக்கு மறைவதில்லை. ஆனால் அது அந்தத் தொடருக்குள் உறைந்துபோய்விடுவதால், தெரியாதவர்களுக்குக் கண்டுபிடிப்பது கடினம். பொது வாழ்வில் இந்தச் சொல் பிழையாகப் புரிந்துகொள்ளப்படுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

இரண்டு தொடர்களை அருகருகே வைப்போம். மறைமலை அடிகள் 1916இல் தொடங்கிய இயக்கத்துக்குத் தனித்தமிழ் இயக்கம் என்று பெயர். இலங்கையில் 1956இல் நிறைவேறிய ஆட்சிமொழிச் சட்டத்தைத் தமிழர் தனிச் சிங்களச் சட்டம் என்று அழைக்கிறார்கள். இரண்டிலும் ஒரே ‘தனி’, அடுத்து ஒரு மொழியின் பெயர். ஆனால் முன்னதில் விலக்கப்படுவது தமிழுக்குள் கலந்துள்ள பிறமொழிச் சொற்கள். அந்தத் ‘தனி’ கலப்பின்மையைச் சொல்கிறது. பின்னதில் சிங்களத்துக்குள் எந்தச் சொல் கலந்திருக்கிறது என்பது பேச்சே இல்லை. விலக்கப்பட்டது ஆட்சிமொழி என்ற இடத்திலிருந்து தமிழ். அந்தத் ‘தனி’ ‘மட்டும்’ என்ற பொருளில் நிற்கிறது. மொழிக்குள் வேலி போடுவதும் மொழியைச் சுற்றி வேலி போட்டு இன்னொரு மொழியை வெளியே நிறுத்துவதும் ஒன்றாகிவிடாது.

தேர்தல் செய்திகளில் வரும் ‘தனிப்பெரும்பான்மை’, ‘தனிப்பெரும் கட்சி’ என்ற இரண்டும் அடிக்கடி இடம் மாறிப் பயன்படுத்தப்படுகின்றன. இந்திய மக்களவைக்கு 543 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பாதிக்கு மேல் என்றால் 272 இடங்கள் வேண்டும். வேறு கட்சியின் இடங்களைக் கூட்டிக்கொள்ளாமலே ஒரு கட்சி அந்த எண்ணை எட்டினால் அது தனிப்பெரும்பான்மை; இங்கே விலக்கு கூட்டணிக் கட்சிகள். தனிப்பெரும் கட்சி என்பதோ, மற்றக் கட்சிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும்போது மிகுதியான இடங்களைப் பெற்ற கட்சி; அது பாதியை எட்டியிருக்க வேண்டிய தேவை இல்லை. 2019இல் பாரதிய ஜனதா கட்சி 303 இடங்களைப் பெற்றபோது இரண்டு பெயர்களும் அதற்குப் பொருந்தின. 2024இல் 240 இடங்களைப் பெற்றபோது அது தனிப்பெரும் கட்சியாக இருந்தது, தனிப்பெரும்பான்மை பெறவில்லை.

‘தனித்தொகுதி’ இன்னும் மிகுதியாகப் பிழைபட உணரப்படுகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்தத் தொகுதிகளில் வாக்களிப்போரும் அந்தப் பிரிவினர் மட்டுமே என்று நினைப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். உண்மையில் அங்கே வாழும் வாக்காளர் எல்லோரும் வாக்களிக்கிறார்கள். வேட்பாளராக நிற்கும் உரிமை மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வேலி வேட்பாளரைச் சுற்றித்தான் இருக்கிறது, வாக்காளரைச் சுற்றி இல்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக அம்பேத்கர் கேட்ட, வாக்காளர்களையே பிரிக்கும் முறையை 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது; அதை எதிர்த்துக் காந்தி மேற்கொண்ட உண்ணாநோன்புக்குப் பிறகு, அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் எட்டப்பட்ட புனா ஒப்பந்தம், ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அதைக் கைவிட்டு, பொது வாக்காளர்களோடு கூடிய ஒதுக்கீட்டு இடங்களை ஏற்றுக்கொண்டது. அம்பேத்கர் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று பேசும்போது ‘தனித்தொகுதி’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்கிவிட்டால், அந்த வரலாற்றின் மையக் கேள்வியே மங்கிவிடுகிறது.

இதே வரிசையில் ‘தனிநபர் மசோதா’ என்ற பெயரும் உண்டு. பொதுமக்களில் யாரோ ஒருவர் கொண்டுவரும் மசோதா அது என்று பெயர் ஏமாற்றுகிறது. அவையின் உறுப்பினர்தான் கொண்டுவருகிறார், ஆனால் அவர் அமைச்சராக இருக்கமாட்டார். விலக்கு, அரசு.

பாடநூல்களில் வரும் ‘தனி’க்கு இவ்வளவு இடர் இல்லை. வட்டி முதலோடு சேராமல் விலகி நிற்பதால் தனிவட்டி: 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றால் இரண்டு ஆண்டுகளில் தனிவட்டி 2,000 ரூபாய், முதல் ஆண்டு வட்டி முதலோடு சேர்ந்துவிடும் கூட்டுவட்டியில் அது 2,100 ரூபாய். வேதிவினையால் அதைவிட எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாதது தனிமம். இதுவரை அறியப்பட்டவை 118. பெரிய நூல் எதற்கும் உறுப்பாகாமல் நிற்கும் செய்யுள் தனிப்பாடல். ஆய்த எழுத்துக்கே தனிநிலை என்றொரு பெயர் உண்டு, உயிரோடும் மெய்யோடும் சேராமல் அது நிற்பதால்.

இந்தப் பகுதியில் கண்டது: பெயருக்கு முன் வரும் ‘தனி’க்குள்ளும் ஒரு விலக்கு உறைந்திருக்கிறது. அது எதுவென்று அறியாமல் தொடரைப் பயன்படுத்தும்போதுதான் பொருள் பிறழ்கிறது.

‘தமியர்’ என்ற பழஞ்சொல்

இன்றைய ‘தனியாக’ செய்யும் வேலையைச் சங்க இலக்கியத்தில் பெரிதும் செய்தது ‘தமி’ என்ற அடி. நான் என்றால் தமியேன், அவன் என்றால் தமியன், அவள் என்றால் தமியள், பலர் என்றால் தமியர். இன்று மாறாமல் நிற்கும் ‘தனியாக’வைப் போலன்றி, அந்தப் பழஞ்சொல் ஆளுக்கேற்ப ஈறு மாற்றிக்கொண்டது.

‘தனி’யாக இருக்கும் நிலைக்குப் பெயரான ‘தனிமை’க்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. தொல்காப்பியத்தின் உரியியல் ‘புலம்பே தனிமை’ என்கிறது. இன்று வாய்விட்டு அரற்றுவதைக் குறிக்கும் ‘புலம்பு’, அன்று தனித்திருக்கும் நிலையையே குறித்தது. நிலையைக் குறித்த சொல், அந்த நிலையில் எழும் ஓசைக்குப் பெயராகிவிட்டது. இதனால் தனிமை என்றாலே துயரம் என்று முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. ‘இனிது இனிது ஏகாந்தம் இனிது’ என்று ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சொல்கிறது. ‘தனிமை’ என்ற சொல் விலகி நிற்பதை மட்டுமே தெரிவிக்கிறது; அது சுமையா சுகமா என்பதைப் பக்கத்தில் வரும் சொற்கள்தான் தெரிவிக்க வேண்டும். 2020இல் பெருந்தொற்று பரவியபோது, நோயுற்றவரைப் பிரித்துவைப்பதற்கும், நோயாளியோடு தொடர்பில் இருந்த நலமானவரைக் கண்காணிப்புக்காகப் பிரித்துவைப்பதற்கும் ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லைச் செய்திகள் வழங்கின. முன்னதில் விலக்கப்படுவது பிறருக்கு நோய் பரவும் வழி. பின்னதில் விலக்கப்படுவது நோய் இருக்குமோ என்ற ஐயம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரே வீட்டில், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, தனிமைப்படுத்தலில் இருந்தது. எண்ணிக்கைக்கும் தனிமைக்கும் தொடர்பில்லை என்பதை அந்த ஆண்டு அறியாதவர் எவரும் இருக்கமாட்டார்.

‘தான்’, ‘தமி’ என்ற இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டும் வெவ்வேறு என்று காட்டும் இடம் திருக்குறளில் உள்ளது. ஈகை அதிகாரத்தின் 229ஆம் குறள்:

இரத்தலின் இன்னாது மன்ற நிரப்பிய
தாமே தமியர் உணல்.

பொருளைக் குறைவின்றி நிரப்பி வைப்பதற்காகத் தாமே தமியராக உண்பது, பிறரிடம் கையேந்துவதைவிடத் துன்பமானது என்பது இதன் கருத்து. ‘தாமே’ என்றும் ‘தமியர்’ என்றும் இரண்டு சொற்கள் எதற்கு என்று மாணவர் பலர் கேட்பதுண்டு. ஒரே பொருளை இரு முறை சொன்னதாகத் தோன்றும். வேலியை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ‘தாமே’ உண்பவர் யார் என்று சுட்டுகிறது: சேர்த்து வைத்தவரே, வேறெவரும் இல்லை. ‘தமியர்’ எப்படி உண்கிறார் என்று சொல்கிறது: உடன் ஒருவரை உட்கார்த்தாமல். அதிகாரம் ஈகை என்பதால் விலக்கப்பட்டவர் யார் என்பதும் தெளிவு. அவர் வாசலில் நிற்கும் வறியவர்.

புறநானூற்றின் 182ஆம் பாட்டிலும் இதே சொல்லைக் காணலாம். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற புலவர், இந்த உலகம் எவரால் நிலைத்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கி, முதலில் குறிப்பிடுவது, இந்திரர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று ‘தமியர் உண்டலும் இலரே’ எனத்தக்கவர்களை. அவர்களைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள் என்று புலவர் எண்ணிக்கை எதுவும் தரவில்லை.